தோற்றவரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஊர்ச் சுவர்களில் இருக்கும் கட்சி விளம்பரங்களைச் சுண்ணாம்பு அடித்து மறைப்பார்கள். மேட்டூர் பத்மராஜன் வேட்புமனுவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வெளிவரும். முன்பெல்லாம் பேப்பரில் ஓரமாக ஒரு பெட்டிச் செய்தியாக வரும். இப்போது எல்லார் கைபேசியிலும் வந்துவிடுகிறது. பாச்சலூர் பஸ் ஸ்டாப் டீக்கடையில்கூட நாலு பையன்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்க்கிறேன். "தாத்தா, இந்த ஆளு 238 தடவை தோத்திருக்காரு" என்று எனக்கும் காட்டுகிறார்கள்.

சிரிக்கட்டும், வயசு அப்படி. எனக்குக் கோபம் அவர்கள் மேல் இல்லை. அவர்களுக்கு அதை அப்படி வெட்டி ஒட்டிக் கொடுப்பவர்கள் மேலும், "இந்த மாதிரி ஆட்களை நிற்கவே விடக் கூடாது, டெபாசிட்டை ஒரு லட்சம் ஆக்கணும்" என்று அதைப் பார்த்துவிட்டுப் பேசும் என் வயதுக்காரர்கள் மேலும்தான். படித்தவர்கள், பென்ஷன் வாங்குபவர்கள், தினமும் தலையங்கம் படிப்பவர்கள்தான் இந்தப் பேச்சைப் பேசுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேலம் மாவட்டம் மேட்டூரில் டயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். ஹோமியோபதி மருந்தும் கொடுப்பார். 1988-ல் மேட்டூர் தொகுதியில் முதன்முதலாக மனுப் போட்டார். சாதாரண ஆள் ஒருவனும் தேர்தலில் நிற்க முடியும் என்று காட்டத்தான் நின்றேன் என்பது அன்றிலிருந்து அவர் சொல்லிவரும் காரணம். சுற்றியிருந்தவர்கள் அன்றும் சிரித்தார்கள். அதன்பிறகு அவர் நிறுத்தவில்லை. வாஜ்பாயை எதிர்த்து, மன்மோகன் சிங்கை எதிர்த்து, ராகுல் காந்தியை எதிர்த்து என்று போய்க்கொண்டே இருந்தார். 1991-ல் நந்தியால் இடைத்தேர்தலில் அப்போது பிரதமராக இருந்த நரசிம்ம ராவுக்கு எதிராக மனுப் போட்டபோது தன்னை ஆட்கள் கடத்திக்கொண்டு போனதாகச் சொல்கிறார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தர்மபுரியில் நின்றபோது கணக்கு 238-ஐத் தாண்டியிருந்தது. இந்தியாவிலேயே அதிகமுறை தோற்ற வேட்பாளர் என்று லிம்கா சாதனைப் புத்தகத்தில் பெயர் ஏறியது. "தேர்தல் மன்னன்" என்று பட்டமும் வந்தது. யூடியூப் சேனல்காரர்கள் மைக்கோடு கடைக்கே வந்து நிற்கிறார்கள்.

அந்தக் கணக்கை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. 238 என்பதில் மனு நிராகரிக்கப்பட்டவையும் உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலுக்குக்கூட மனுப் போடுவார். அதற்கு முன்மொழிய ஐம்பது எம்.பி., எம்.எல்.ஏ.க்களும் வழிமொழிய ஐம்பது பேரும் வேண்டும். டயர் கடைக்காரருக்கு அது எங்கே கிடைக்கப் போகிறது? மனு தள்ளுபடியாகும், கட்டிய பணம் திரும்பி வரும். இது தெரிந்தவர்களுக்கு எண்ணிக்கை அவ்வளவு மலைப்பாக இருக்காது.

எனக்கும் அவரிடம் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஜெயிப்பதற்காக நிற்கவில்லை, தோற்பதே எனக்குச் சந்தோஷம் என்கிற தோரணையில் பேட்டி கொடுக்கிறார். இது எனக்குப் பிடிக்காத பேச்சு. ஒரு ஓட்டு போட்டவரானாலும் அவர் நம்பிப் போட்டவர். சுருக்குப்பையில் பூத் சிலிப்பை மடித்து வைத்துக்கொண்டு வெயிலில் வந்து நின்றவர். அவர் எதிரே நின்று "நான் தோற்கத்தான் வந்தேன்" என்று சொல்வது முறையா? சாதனை எண்ணிக்கையைப் பற்றிப் பேசப் பேச, 1988-ல் நின்றதற்கான காரணம் பின்னால் போய்விட்டது. கேட்பவர்களும் அந்தக் காரணத்தைக் கேட்பதில்லை. "எத்தனை தடவை சார் தோத்தீங்க? எவ்வளவு பணம் போச்சு? வீட்டம்மா திட்டலையா?" என்ற மூன்று கேள்விகளோடு பேட்டி முடிந்துவிடுகிறது. பின்னாலேயே வடிவேலு சிரிப்பு ஒன்றையும் சேர்த்துவிடுகிறார்கள்.

யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். 2011 சட்டமன்றத் தேர்தலில் மேட்டூரில் இதே பத்மராஜன் 6,273 ஓட்டு வாங்கினார். அவர் வாங்கியதிலேயே அதிகம் அதுதான். அந்தத் தொகுதியில் ஜெயித்த தே.மு.தி.க.வுக்கும் இரண்டாவதாக வந்த பா.ம.க.வுக்கும் இருந்த வித்தியாசம் மூவாயிரத்துக்கும் குறைவு. அதாவது அந்த இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் போல இரண்டு மடங்குக்கு மேல், கொடியும் கூட்டமும் இல்லாத ஒரு டயர் கடைக்காரர் வாங்கியிருக்கிறார். அந்த ஆறாயிரத்துச் சொச்சம் பேர் யார், பெரிய கட்சிகளை விட்டுவிட்டு ஏன் அவருக்குப் போட்டார்கள் என்று எந்தச் சேனல்காரராவது மேட்டூரில் தெருத் தெருவாகப் போய்க் கேட்டாரா? கேட்டிருந்தால் அது செய்தி. அது இருபது விநாடியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் யாரும் கேட்கவில்லை.

இனி "டெபாசிட்டை ஏற்று" என்பவர்கள் விஷயத்துக்கு வருவோம்.

1951-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வந்தபோது நாடாளுமன்றத்துக்கு நிற்க 500 ரூபாய், சட்டமன்றத்துக்கு 250 ரூபாய் என்று வைத்தார்கள். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லைதான். ஆனால் நாற்பத்தைந்து வருஷம் அதைத் தொடாமல் விட்டதால் காசுக்கு மதிப்புக் குறையக் குறைய அதுவும் சின்னதாகிப்போனது. 1996 தேர்தலில் நாடு முழுவதும் கிட்டத்தட்ட பதினான்காயிரம் பேர் நாடாளுமன்றத்துக்கு நின்றார்கள். அதே வருஷம் நம் மாநிலத்தில் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுத்த தேர்தல் அது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார்.

தேர்தல் வேலைக்குப் போன எங்களைப் போன்ற வாத்தியார்கள் அப்போது ஒருவரையொருவர் பார்த்து, "நல்லவேளை, நமக்கு மொடக்குறிச்சியில் டூட்டி போடலை" என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் அங்கே நின்றவர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை. பெரும்பாலும் விவசாயிகள். மனுக் கொடுத்தும் மறியல் செய்தும் பார்த்து எதுவும் நடக்காமல், கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து மனுப் போட்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது.

திரும்பிப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தினார்கள். டெபாசிட் நாடாளுமன்றத்துக்கு 10,000, சட்டமன்றத்துக்கு 5,000 ஆனது. அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். அடுத்த 1998 தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கை ஐயாயிரத்துக்கும் கீழே இறங்கியது. பிறகு 2009-ல் இன்னொரு திருத்தம் வந்து நாடாளுமன்றத்துக்கு 25,000, சட்டமன்றத்துக்கு 10,000 என்றானது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பாதி.

25,000 ரூபாய் என்றால் என்ன என்று கீழ்மலைக் கணக்கில் சொல்கிறேன். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் நிர்ணயித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். 25,000 ரூபாய்க்கு 78 நாள் கூலியும் கொஞ்சமும் ஆகும். அந்தத் திட்டத்தில் அப்போது வருஷத்துக்கு நூறு நாள்தான் வேலை இருந்தது. அதாவது ஒரு தொழிலாளி நின்று பார்க்கலாம் என்று நினைத்தால், வருஷத்தில் முக்கால் பங்குக் கூலியைச் சாப்பிடாமல் எடுத்து வைக்க வேண்டும். பளியர் குடியைச் சேர்ந்த ஒருவர் நிற்க நினைத்தால் பாதித் தொகை. அதுவே 39 நாள் கூலி. பேனர் அடிக்க, ஜீப் பிடிக்க, ஒட்டன்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் போய்வர ஆகும் செலவை இதில் சேர்க்கவில்லை.

இந்தத் தொகையை ஏற்றினால் யார் நிற்காமல் போவார் என்று யோசித்துப் பாருங்கள். பத்மராஜன் நிற்பார். முப்பத்தைந்து வருஷமாகப் பணம் கட்டியவர் இன்னும் கட்டுவார். பெரிய வேட்பாளரின் ஓட்டைப் பிரிக்க அதே பெயரில் ஆள் தேடி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஒரு லட்சம் ஒரு பொருட்டே இல்லை. 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். அவரைத் தவிர இன்னும் ஐந்து ஓ.பன்னீர்செல்வங்கள் அதே தொகுதியில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தேர்தலில் நிற்கும் ஆசை தானாக வந்தது என்று நாம் நம்ப வேண்டும்! டெபாசிட்டை ஏற்றினால் இது நிற்குமா? நிற்காது. நின்றுபோவது நம்ம ஊர்க் காப்பித் தோட்டத்துத் தொழிலாளியின் ஆசைதான். இப்போதே அது பாதி செத்துக் கிடக்கிறது.

தொகையைவிட மோசம் அந்த ஆறில் ஒரு பங்கு விதி. பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால்தான் டெபாசிட் திரும்ப வரும். நூற்றுக்குப் பதினாறுக்கு மேல். நான்கு முனைப் போட்டி நடக்கும் இந்தக் காலத்தில் பழுத்த கட்சிக்காரர்களே அதை வாங்கத் திணறுகிறார்கள். 2024-ல் நாம் தமிழர் கட்சி மாநில அளவில் எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியது. மாநிலக் கட்சி என்ற அங்கீகாரமே அதற்குக் கிடைத்தது. அந்தக் கட்சியை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம். அங்கீகாரம் பெறும் அளவுக்கு ஓட்டு வாங்கிய கட்சி, நின்ற தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் டெபாசிட்டை இழந்தது என்றால் அந்த அளவுகோலில் ஏதோ கோளாறு இருக்கிறது. இங்கிலாந்தில் 1985-ல் டெபாசிட்டை 150 பவுண்டிலிருந்து 500 பவுண்டாக ஏற்றினார்கள். கூடவே திரும்பப் பெறும் அளவை எட்டில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றாகக் குறைத்தார்கள். நாம் தொகையை இரண்டு தடவை ஏற்றினோம். ஆறில் ஒன்றைத் தொடவில்லை.

அந்த இங்கிலாந்திலும் ஒரு பத்மராஜன் இருந்தார். லார்ட் சட்ச் என்று பெயர். பாட்டுக்காரர், கோமாளி உடுப்புப் போட்டுக்கொண்டு வருவார். 1963-லிருந்து சுமார் நாற்பது தேர்தல்களில் நின்று எல்லாவற்றிலும் தோற்றார். முதல் தடவை நின்றபோது அவர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, பதினெட்டு வயதில் ஓட்டுரிமை வேண்டும் என்பது. அன்றைக்கு அதற்கும் சிரித்தார்கள். 1969-ல் இங்கிலாந்து அதைச் சட்டமாக்கியது. நாம் 1988-ல் அரசியல் சாசனத்தின் 61-வது திருத்தத்தில்தான் அதைக் கொண்டுவந்தோம். அது அவரால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் சிரிக்கும் ஆளின் வாயிலும் ஒரு நல்ல வார்த்தை இருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

வடக்கே காகா ஜோகிந்தர் சிங் என்று ஒருவர் இருந்தார். பரேலியில் துணி வியாபாரி. முன்னூறு தேர்தலுக்கு மேல் நின்றவர். விழுந்தாலும் மண்ணை விடாதவர் என்ற பொருளில் "தர்த்திபகட்" என்று அவருக்குப் பட்டம். 1992 குடியரசுத் தலைவர் தேர்தலில் சங்கர் தயாள் சர்மா, ஜி.ஜி.ஸ்வெல், ராம் ஜேத்மலானி ஆகியோரோடு நாலாவது ஆளாக நின்று 1,135 வாக்கு மதிப்பு வாங்கினார். அவர் 1998-ல் காலமானார். அதற்கு முந்தைய வருஷமே அந்தத் தேர்தலுக்கு ஐம்பது பேர் முன்மொழிய, ஐம்பது பேர் வழிமொழிய வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். 1997-லிருந்து 2022 வரை நடந்த ஆறு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இரண்டே இரண்டு பேர்தான் நின்றார்கள். சுத்தமாக, நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட சாமானியனுக்கு வழியில்லை.

அதையே எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலுக்கும் கொண்டுவர யோசனை சொன்னவர்களும் உண்டு. 2015-ல் சட்ட ஆணையம் தன் 255-வது அறிக்கையில், சுயேச்சைகள் நிற்பதையே தடுத்துவிடலாம் என்று பரிந்துரை செய்தது. பெரும்பாலானவர்கள் பொம்மை வேட்பாளர்கள், அக்கறையில்லாதவர்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான் இது. 2024-ல்கூட நாட்டில் ஏழு சுயேச்சைகள் எம்.பி. ஆனார்கள். அந்தப் பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் காகிதத்தில் இருக்கிறது. "இந்த மாதிரி ஆட்கள்" என்று நாம் டீக்கடையில் பேசும் ஒவ்வொரு பேச்சும் அதற்கு ஒரு கையெழுத்துப் போடுகிறது.

தேர்தலைக் கேலிக்கூத்து ஆக்குகிறார்கள் என்று சொல்கிறீர்களே, கேலிக்கூத்து ஆக்கியவர் யார் என்று பார்ப்போம். 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் நின்றது. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தானது. நாலும் நின்றது பணப் பட்டுவாடாவால். அச்சடித்த பேப்பர், கொண்டுபோன மிஷின், போட்ட டூட்டி எல்லாம் வீண். இதில் ஒன்றாவது டயர் கடைக்காரரால் நின்றதா? அவர் யாருக்கும் பத்துப் பைசா கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் அரசாங்கக் கஜானாவுக்கு, டெபாசிட்டாக. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். கவர் கொடுத்தவரை "அண்ணன்" என்று கும்பிடுகிறோம், கொடுக்காதவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

அரசாங்கத்துக்கு வீண் செலவு என்பது இன்னொரு வாதம். நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவன் என்பதால் இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. ஒரு சுயேச்சை கூடினால் மிஷினில் ஒரு வரி கூடும். ஒரு யூனிட்டில் பதினாறு பொத்தான், நோட்டாவையும் சேர்த்து. பதினாறைத் தாண்டினால் இன்னொரு யூனிட் வைக்க வேண்டும். கனம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வெள்ளகெவிக்கு நடந்தும் குதிரை மேல் ஏற்றியும் பெட்டி கொண்டுபோகிற மலை இது. அங்கே இருக்கிற சில நூறு பேருக்காக அத்தனை பேர் போகிறோம். வீண் என்று யாராவது சொன்னோமா? ஓட்டுப் போடுகிறவருக்காக மலை ஏறுவது கடமை என்றால், ஓட்டுக் கேட்கிறவருக்காக ஒரு வரி கூடுதலாக அச்சடிப்பது மட்டும் எப்படி வீண் செலவாகும்?

நிற்பது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் பக்கத்து மாவட்டத்தைக் கேளுங்கள். 1996-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மனுப் போட்டவர்கள் பயந்து வாபஸ் வாங்கினார்கள். கடைசியில் நின்று ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30-ஆம் தேதி பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அவரோடு இருந்தவர்களும் செத்தார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் முறையாகத் தேர்தல் நடக்கவில்லை. ஆளை நிற்க விடவில்லை, அல்லது நின்றவரை ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006-ல்தான் அங்கே ஒழுங்காக நடந்தது. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு "நானும் நிற்கிறேன்" என்று சொன்னதற்காக உயிரை விட்ட மண் இது. இதே தமிழ்நாட்டில், நிற்கிறவனை எல்லாம் தமாஷ் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதில் நம்ம கீழ்மலைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. தேர்தல் வந்தால் மலையில் ஏதாவது ஒரு கிராமத்தில் கறுப்புக் கொடி கட்டி "தேர்தல் புறக்கணிப்பு" என்று பேனர் வைப்பது வழக்கமாகிவிட்டது. ரோடு இல்லை, பட்டா இல்லை, யானையும் காட்டுமாடும் தோட்டத்தை அழிக்கின்றன, மிளகுக்கும் சௌசௌவுக்கும் விலை இல்லை. குறை உண்மையானது. தாசில்தார் வருவார், சமாதானம் பேசுவார், பேனர் இறங்கும். ரோடு மட்டும் அங்கேயேதான் இருக்கும். புறக்கணித்தால் கணக்கில் நாம் இல்லை, அவ்வளவுதான். நம் ஓட்டு விழாததால் யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை.

2019-ல் தெலங்கானாவில் நிஜாமாபாத் மஞ்சள் விவசாயிகள் புறக்கணிக்கவில்லை. மஞ்சள் வாரியம் வேண்டும் என்று கேட்டுக் களைத்துப்போய், மொடக்குறிச்சி மாதிரியே கூட்டமாக நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள், அதில் 178 பேர் விவசாயிகள். டெபாசிட் 25,000 ஆன பிறகு நடந்தது இது, சேர்த்துச் சேர்த்துக் கட்டினார்கள். தேர்தல் ஆணையம் அதற்கென்றே புதுவகை மிஷின்களைக் கொண்டுவந்து தேர்தல் நடத்தியது. அப்போது முதல்வராக இருந்தவரின் மகள் அங்கே தோற்றார். விவசாயிகளும் தோற்றார்கள், எல்லாரும் டெபாசிட் இழந்தார்கள். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் நிஜாமாபாத்தில். அவர்களைத் தோற்றவர்கள் என்று யார் சொல்வார்?

ஊராட்சித் தேர்தலில் இந்தக் கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறது. 2019 டிசம்பரில் நடந்தபோது வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், தலைவருக்கு 600, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அதனால்தான் அங்கே கூலிக்காரரும் பெண்களும் நிற்கிறார்கள், ஜெயிக்கிறார்கள். ஆனால் அந்தத் தேர்தலே 2016-ல் நடக்க வேண்டியது, மூன்று வருஷம் தள்ளித்தான் நடந்தது. நடுவில் தனி அலுவலர்தான் ராஜா. சின்னவன் நிற்கக்கூடிய தேர்தலைத் தள்ளிப்போடுவோம், பெரிய தேர்தலில் நின்றால் சிரிப்போம். அப்புறம் அவன் எங்கேதான் நிற்பது?

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் என் யோசனைகள் சுலபமானவை. டெபாசிட்டை இனி ஏற்றக் கூடாது. ஆறில் ஒன்றை இருபதில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். பத்துப் பேர் முன்மொழிவது இருக்கட்டும், அதில் தவறில்லை. வேண்டுமானால் நூறு பேராக்குங்கள். காசுக்குப் பதிலாகக் கையெழுத்தைக் கேளுங்கள். ஊரில் நூறு பேரிடம் கையெழுத்து வாங்கும் ஆள் அக்கறையுள்ள ஆளா இல்லையா என்பதை அந்த நூறு பேரே சொல்லிவிடுவார்கள். ஒரே பெயரில் ஆள் நிறுத்துகிறவர்களை, நின்றவர் யாருடைய பணத்தில் டெபாசிட் கட்டினார் என்று விசாரித்துப் பிடியுங்கள். இதற்கெல்லாம் பெரிய மூளை வேண்டியதில்லை. "யாரும் வேண்டாம்" என்று சொல்ல 2013-லிருந்து இலவசமாக ஒரு பொத்தான் இருக்கிறது. "நான் இருக்கிறேன்" என்று சொல்ல மட்டும் 25,000 ரூபாய் கேட்பது நியாயமா?

பத்மராஜனை நான் பார்த்ததில்லை. பார்த்தால், எத்தனை தடவை தோற்றீர்கள் என்று கேட்க மாட்டேன். 2011-ல் உங்களுக்குப் போட்ட அந்த 6,273 பேரில் யாரையாவது பிறகு சந்தித்தீர்களா, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா என்றுதான் கேட்பேன். அதற்கு அவரிடம் பதில் இல்லையென்றால் அது அவர் குறை. அந்தக் கேள்வியை இத்தனை வருஷமாக யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பது நம் குறை.

அடுத்த தேர்தலுக்கும் அந்த வீடியோ வரும். பேரப்பிள்ளை காட்டினால் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும், நம்ம மலையிலிருந்து ஒரு ஆள் நிற்பதாக இருந்தால் நம் பாச்சலூர், தாண்டிக்குடி, கே.சி.பட்டியில் பத்துப் பேர் முன்மொழிய முன்வருவோமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். முன்வருகிறவர்கள் இருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.